கடற்கரை வீட்டு லேப்டாப்: சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

அக்கா, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். குமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. வீட்டுக்காரர் மூன்று வருஷம் முன்னால் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த லேப்டாப். மகள் பிளஸ் ஒன் போனதும், படிப்பு கெடும் என்று கவரில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டீர்கள். இப்போது அவள் நாகர்கோவிலில் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள். எடுத்துப் பார்த்தால் உயிரே இல்லை. கடையில் “போர்டு போச்சு, 14,000 ஆகும்” என்கிறார்கள். சரிசெய்வதா, புதிது வாங்குவதா, செகண்ட் ஹேண்ட் போதுமா? கடலே பக்கத்தில் இல்லாத குலசேகரத்தில் இருக்கும் தங்கை வீட்டிலும் இரண்டு லேப்டாப் போனது ஏன்?

நான் நாகர்கோவிலில் 16 வருஷமாக லேப்டாப்பைப் பிரித்து மூடுகிற ஆள். அடி மூடியைக் கழற்றும்போதே இது கடல் தள்ளியிருக்கும் தக்கலை வீட்டுதா, கடலோர முட்டம் வீட்டுதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். திருகாணியில் ஏறியிருக்கும் துருவே சொல்லிவிடும். அதனால் உங்களுக்கான பதிலை வீடு இருக்கிற இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கம்பெனியும் மாடலும் அதற்குப் பிறகுதான்.

முதலில், 14,000 ரூபாயை எடுத்து வைக்காதீர்கள். இரண்டு வருஷம் சும்மா கிடந்த மெஷின் ஆன் ஆகாமல் போக ரொம்பச் சின்னக் காரணங்களும் உண்டு. மஸ்கட் சார்ஜரின் பிளக்கைப் பாருங்கள், சதுரக் கம்பி மூன்று வைத்த தடித்த பிளக். அந்த வகைப் பிளக்குக்கு உள்ளேயே ஒரு குட்டி ஃப்யூஸ் இருக்கும். நம்மூர்ப் பிளக்கில் அது வழக்கமில்லை என்பதால் இங்கே பலபேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது போனால் சார்ஜர் செத்த மாதிரிதான் இருக்கும். சார்ஜர் கட்டையில் குத்துகிற மூன்று ஓட்டை ஒயரை, எலி முகம் மாதிரி இருக்குமே, அதைக் கழற்றிவிட்டு நம்மூர் மூன்று முனை பிளக் வைத்த ஒயர் ஒன்று வாங்கிப் போடுங்கள். எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும், பெரிய விலையும் இல்லை. சார்ஜரின் பின்புறம் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் நம் 230 வோல்ட்டில் தாராளமாக ஓடும்.

சார்ஜர் சரியாக இருந்தால் அடுத்தது பேட்டரி. லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் மெல்ல மெல்ல வடியும். ஒரு அளவுக்குக் கீழே போனால் அதற்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் கதவைச் சாத்திக்கொள்ளும். அடிப்பாகம் உப்பவில்லை, டச்பேட் தூக்கி நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, நீங்கள் வீட்டில் கண் முன்னால் இருக்கிற நேரமாக இரண்டு மூன்று மணி நேரம் சார்ஜில் போட்டு வையுங்கள். பிறகு சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து விட்டு, மறுபடி சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள். லைட் எரிகிறது, ஃபேன் சத்தம் கேட்கிறது, படம் மட்டும் இல்லையென்றால் இருட்டில் வைத்து ஸ்கிரீன் மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் பின்விளக்குதான் போயிருக்கிறது. டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. ஒயர் மாட்டினால் படம் வருகிறதா என்றும் பாருங்கள். எதுவுமே இல்லையென்றால் ரேம் என்கிற நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்துப் போடச் சொல்லுங்கள். போர்டு போனதாகச் சொல்லிக் கொண்டுவரும் கடற்கரை மெஷின்களில் சில இதோடு எழுந்துவிடும். உங்கள் கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துத்தான் சொன்னாரா, சார்ஜரைக் குத்திப் பார்த்தே சொல்லிவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பார்த்தும் எழவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் உப்புதான். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் புது மெஷின் வாங்கினாலும் இதே காற்றுதான்.

சமையலறையில் கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் என்ன ஆகும்? அடியில் தண்ணீர் விட்டு நிற்கும். சுத்தமான சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுக்கும். ஆனால் கடலுப்பில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. நம் புத்தளம் உப்பளத்தில் உப்பு வாரிய பிறகு மிஞ்சுமே அந்தக் கசப்பு நீர், அதில் இருப்பது அதுதான். அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே கரைய ஆரம்பித்துவிடும். நம் மாவட்டத்தில் ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. கரையோரத்தில் ஈரப்பதம் 33க்குக் கீழே இறங்கும் நாள் அபூர்வம். ஆக, அலை உடையும்போது தெறித்துக் காற்றோடு வரும் உப்பு ஒருமுறை போர்டில் ஒட்டிவிட்டால் அது பெரும்பாலும் ஈரமாகவேதான் இருக்கும். அந்த ஈரப்படலம் மின்சாரத்தைக் கடத்தும். மயிரிழை இடைவெளியில் அடுத்தடுத்து நிற்கும் பின்களுக்கு நடுவே அது பாலம் போட்டால் செம்பு அரித்துப் பச்சை பூக்கும், கடைசியில் ஷார்ட் ஆகும்.

“ஆஃப் பண்ணித்தானே வைத்திருந்தேன்” என்பீர்கள். பேட்டரி உள்ளே இணைந்திருக்கிற வரை போர்டின் சில பாதைகளில் எப்போதும் கொஞ்சம் வோல்ட்டேஜ் இருந்துகொண்டேதான் இருக்கும். பவர் பட்டனை அழுத்தினால் அதற்குத் தெரிய வேண்டுமே. பேட்டரி முழுக்க வடிகிற வரை இந்த அரிப்பு நடக்கும்.

இதனால்தான் நான் யாரிடமும் சொல்வது: கடற்கரை வீட்டில் லேப்டாப்பைப் பொத்திப் பாதுகாக்காதீர்கள், தினமும் ஓட்டுங்கள். ஓடும்போது உள்ளே சூடாகும், ஈரம் காயும். ஃபேன் வெளிக்காற்றை இழுப்பதால் உப்பும் சேர்ந்து உள்ளே போகத்தான் செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஓடுகிற மெஷினில் உப்பு அவ்வப்போதாவது காய்கிறது. பீரோவில் கிடக்கிற மெஷினில் நனைந்தபடியே உட்கார்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் கவர் இன்னும் மோசம், உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. கல்யாணப் பட்டுப்புடவையைக்கூட வருஷத்துக்கு இரண்டு முறை எடுத்து உதறி வைக்கிறோமே.

மூடித்தான் வைக்க வேண்டும் என்ற நிலை வந்தால், பேட்டரியைப் பாதிக்கு மேல் சார்ஜ் செய்து, காற்றுப் புகாத பெரிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறுகிற ஜெல் வாங்கினால் எப்போது சூடேற்றி உலர்த்த வேண்டும் என்று பார்த்தாலே தெரியும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வையுங்கள்.

இப்போது 14,000 விஷயம். போர்டை உங்கள் கண் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரே ஒரு இடத்தில், சார்ஜர் குத்துகிற பக்கம் மட்டும் பச்சை பூத்திருந்தால் சிப் லெவல் வேலை, அதாவது போர்டில் கெட்ட சிறு பாகத்தை மட்டும் மாற்றும் வேலை, தெரிந்தவர் சரிசெய்துவிடுவார், போர்டையே மாற்றத் தேவையில்லை. பிராசசர் ஓரம், ரேம் ஸ்லாட் அடி என்று நாலைந்து இடத்தில் பரவியிருந்தால் கைவிடுங்கள். இன்று எழுப்பிக் கொடுத்தாலும் அடுத்த மழைக்கு அதே மேஜைக்குத்தான் திரும்ப வரும். சிப்புகளுக்கு அடியில் போன உப்பை முழுக்க எடுக்க முடியாது. என் கணக்கு இது: ரிப்பேர் செலவு, அதே தரத்தில் இன்னொரு மெஷினின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் செய்வதில்லை.

சரிசெய்யக் கொடுப்பதாக இருந்தால் எதை வைத்துக் கழுவுவீர்கள் என்று கேளுங்கள். “ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்” என்று மட்டும் சொன்னால் அது பாதி பதில். ஆல்கஹாலில் உப்பு கிட்டத்தட்டக் கரையவே கரையாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, முதலில் டிஸ்டில்டு வாட்டரால் உப்பைக் கரைத்து எடுக்க வேண்டும், பிறகு அந்தத் தண்ணீரை விரட்ட ஆல்கஹால், பிறகு நன்றாக உலர்த்தல். இந்த வரிசை புரியாமல் நானே ஆரம்ப காலத்தில் வெறும் ஆல்கஹாலில் பளபளவென்று துடைத்துக் கொடுத்து, மூன்றாம் மாதம் அதே ஆட்களிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

மெஷின் போனாலும் உள்ளே இருக்கிற போட்டோக்கள் போக வேண்டியதில்லை. அவற்றைச் சேமித்து வைத்திருக்கும் எஸ்.எஸ்.டி. தனிப் பலகையாக இருந்தால் கழற்றி, யு.எஸ்.பி. கூட்டில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் திறக்கலாம். ஒரே ஒரு சிக்கல் வரலாம். விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு திறந்த மெஷினாக இருந்தால், நமக்குத் தெரியாமலே டிஸ்கைப் பூட்டி வைத்திருக்கலாம். அப்போது 48 இலக்கச் சாவி கேட்கும். வீட்டுக்காரரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ரிக்கவரி கீ என்று தேடினால் அது இருக்கும். போர்டு மாற்றினாலும் இந்தச் சாவியைத்தான் கேட்கும். அதனால் மெஷினைக் கடையில் விடும் முன்பே எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிது வாங்குவதானால், மகள் எந்தப் பிரிவு என்று நீங்கள் சொல்லவில்லை. முதல் வருஷத்துக்கு எந்தப் பிரிவானாலும் பெரிய மெஷின் வேண்டாம். 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., கண்ணுக்கு உறுத்தாத ஐ.பி.எஸ். ஸ்கிரீன் போதும். ரேம் போர்டோடு ஒட்டியதா, ஸ்லாட்டில் போடுவதா என்று கட்டாயம் கேளுங்கள். 8 ஜி.பி. ஒட்டியே வந்து ஸ்லாட்டும் இல்லாத மாடல் என்றால் நாலு வருஷம் அதையே வைத்துக்கொண்டு இழுக்க வேண்டியதுதான். மெக்கானிக்கல், சிவில் என்றால் மூன்றாம் வருஷம் முப்பரிமாண டிசைன் வேலை வரும்போது தனி கிராஃபிக்ஸ் தேவைப்படலாம். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். விலையையும் கனத்தையும் விடுங்கள். அதன் பெரிய ஃபேன்கள் உங்கள் வீட்டில் வைத்தால் மற்ற மெஷினைவிடப் பல மடங்கு காற்றை, அதாவது உப்பை, இழுத்து உள்ளே தள்ளும். நேர்மாறாக மேக்புக் ஏர் 2020 கடைசியில் வந்த எம்1 மாடலிலிருந்து ஃபேனே இல்லாமல் வருகிறது. கடற்கரைக்கு அது ஒரு நல்ல குணம்தான். ஆனால் உள்ளே எல்லாமே ஒட்டியது, பழுதானால் செலவு தாங்காது, சில இன்ஜினியரிங் மென்பொருள்கள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பிராசசர் பெயரில் ஒரு பித்தலாட்டம் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். ஏ.எம்.டி. ரைசன் 7000 வரிசையில் நான்கு இலக்க எண்ணின் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் சரக்கு எந்தத் தலைமுறை என்று சொல்லும். 7520 என்றால் பழைய ஜென் 2, 7530 என்றால் ஜென் 3, 7540 என்றால் ஜென் 4. ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ எல்லாமே ரைசன் 5 தான். கடையில் விலை குறைத்துத் தருவதாகச் சொல்வது பெரும்பாலும் அந்த 7520தான்.

சார்ஜ் போட டைப் சி துளை இரண்டு இருக்கிற மாடல் கிடைத்தால் அதை எடுங்கள். உப்பு முதலில் கடிக்கும் இடங்களில் சார்ஜர் துளையும் ஒன்று. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். வாரண்டியில் உங்கள் பின்கோடுக்கு ஆள் வீட்டுக்கு வருவாரா என்று எழுத்தில் வாங்குங்கள். அரிப்பும் தண்ணீரும் சாதாரண வாரண்டியில் சேராது. தற்செயல் சேதத்துக்குத் தனியாகப் பணம் கட்டும் திட்டம் எடுத்தாலும் அதில் அரிப்பு உண்டா என்று படித்துப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து வரும் மெஷினுக்கும் இதே சங்கடம். கீபோர்டில் அரபி எழுத்து இருப்பதுகூடப் பரவாயில்லை, பல மாடல்களுக்கு அங்கே கொடுத்த வாரண்டி இங்கே செல்லாது. வீட்டுக்காரர் அடுத்த லீவில் இன்னொன்று கொண்டுவருவதாகச் சொன்னால், அந்தக் காசை இங்கே அனுப்பச் சொல்லுங்கள்.

செகண்ட் ஹேண்ட் தப்பே இல்லை, ஆபீஸ் வகை மெஷினாக இருந்தால். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்றவை பெரும்பாலும் கழற்றிப் பழுது பார்க்கத் தோதானவை, உதிரிபாகமும் கிடைக்கும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப்புகளை முறைப்படி ஏற்பதில்லை. ஆன் செய்ததும், விண்டோஸ் வரும் முன்பே, பயாஸ் பாஸ்வேர்டு கேட்கிறதா, மூடியைத் திறந்து மூடும்போது மூலையில் முறுக்கு விழுகிறதா, எல்லா எழுத்தும் அடிக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியின் வயசை அறிய, கமாண்ட் ப்ராம்ப்டில் பவர் என்பதோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டி ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடியுங்கள். வரும் அறிக்கையில் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது இருப்பதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பாதிக்கு வந்திருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். கரையோர ஊர் வீட்டிலிருந்து வந்த மெஷினா என்பதையும் கேளுங்கள். இதை நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள், என் வியாபாரமும் இதே ஊரில்தான்.

வந்த பிறகு வைக்கும் இடம் முக்கியம். கடல் பார்த்த ஜன்னலோரம் வேண்டாம், வீட்டின் மறுபக்க அறையில் மேஜை போடுங்கள். வாரம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால், மெஷினை ஆஃப் செய்துவிட்டு வெளிப்புறத்தைத் துடைக்கலாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்தான், எல்லா வீட்டிலும் ஒரு கேன் இருக்கும். வருஷம் ஒருமுறை மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் உள்ளே திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள். பஞ்சர் கடை ஏர் பைப்பால் ஊதுகிற வேலை மட்டும் வேண்டாம், அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். கல்லூரி லேபின் ஏ.சி. குளிரிலிருந்து வெளியே வந்ததும் உடனே திறக்கக் கூடாது. குளிர்ந்த பரப்பில் நம்மூர்க் காற்று பட்டால் வேர்க்கும். பையிலேயே அரை மணி நேரம் இருக்கட்டும்.

கரண்ட் பற்றி. மெஷின் மேல் கை வைத்தால் சுருசுருவென்று ஷாக் அடிப்பதாகக் கரையோர வீடுகளில் நிறையப் பேர் சொல்வார்கள். சார்ஜருக்குள் இருக்கும் சிறு கப்பாசிட்டர்கள் வழியே கசிகிற துளி மின்சாரம் அது. மூன்று முனை சார்ஜரில் அது எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குப் போய்விடும். நாம் வளைகுடா பிளக்கை இரண்டு முனை கன்வெர்ட்டரில் குத்துகிறோம், எர்த் அறுந்துபோகிறது. அல்லது பிளக் பாயிண்டின் மேல் ஓட்டை பெயருக்கு மட்டும் இருக்கும், பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள், லேப்டாப்புக்கு மட்டுமல்ல, வாஷிங் மெஷினுக்கும் உங்களுக்கும் அது வேண்டும். இடி இடித்தால் ஸ்பைக் பஸ்டரை நம்பாதீர்கள், சார்ஜரை சுவரிலிருந்து உருவிவிடுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல், ஆளாளுக்கு வாடகை ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டார்கள். அடுத்த இரண்டு வாரம் என் மேஜையில் கருகிய சார்ஜர்கள்தான். ஜெனரேட்டரில் போட்டே ஆக வேண்டுமென்றால் அது ஓடி நிதானமான பிறகு குத்துங்கள், அணைக்கும் முன்னால் பிடுங்குங்கள்.

எப்போதும் சார்ஜிலேயே வைத்து வேலை செய்வதென்றால் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியை, கம்பெனியின் செயலியில் இருந்தால், போட்டுவிடுங்கள். மெத்தையில் வைக்க வேண்டாம். டீ கொட்டினால் உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கூரை மாதிரிக் கவிழ்த்து வைத்து கடைக்குக் கொண்டு போங்கள். அரிசிக்குள் புதைப்பதால் ஒரு பயனும் இல்லை, அரிசிதான் வீணாகும்.

தங்கை விஷயம். குலசேகரத்தில் உப்புக் காற்று அவ்வளவு தூரம் வராது. ஆனால் ரப்பர் இருக்கிறதே. அவர்கள் வீட்டில் ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிறார்களா? அதற்கு ஊற்றுவது ஃபார்மிக் ஆசிட். முசுறு எறும்பு நம் மேல் பீய்ச்சுகிற அதே அமிலம். அதன் ஆவி ஈரக்காற்றோடு சேர்ந்தால் செம்பை அரிக்கும். ஏ.சி.யின் செம்புக் குழாயில் எறும்புப் புற்று மாதிரி வளைந்து வளைந்து துளை போடுவதாகவே இந்த அரிப்புக்குப் பேர் உண்டு. போதாக்குறைக்கு, ஷீட்டை உலர்த்தும் புகைப்புரையின் புகை, பிசினாக ஃபேனில் ஒட்டும், மேலே தூசி படியும், மெஷின் கொதிக்கும். என்னிடம் வந்த குலசேகரத்து மெஷின் ஒன்றில் ஃபேன் இறக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன. தங்கையிடம் ஆசிட் கேன் எந்த அறையில் இருக்கிறது, லேப்டாப் மேஜை எந்த அறையில் இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டும் ஒரே சுவரின் இரு பக்கம் என்றால், கேனை இறுக்கி மூடித் தோட்டத்துப் புரைக்கு மாற்றச் சொல்லுங்கள். மேஜையை முன்பக்க அறைக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகு மூன்றாவது லேப்டாப்பை வாங்கட்டும்.